ஏழு படுக்கைகள் மூன்றாயின: சிறு குழந்தையுடன் ரோமுக்கும் இன்டர்லாக்கனுக்கும் சென்ற ஒரு குடும்பம் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

2025 மே 25 முதல் ஜூன் 5 வரை தூத்துக்குடியைச் சேர்ந்த ஒரு குடும்பம் இத்தாலியிலும் சுவிட்சர்லாந்திலும் பதினொரு இரவுகள் தங்கித் திரும்பியது. கணவர் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்காளர். மனைவி கல்லூரி ஆசிரியை. உடன் சென்றவர்கள் கணவரின் தாயாரும், பயணத்தின்போது 2 வயது 10 மாதம் நிரம்பியிருந்த மகளும். தாயாருக்கு வயது 62. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்பவர். திட்டமிடுதலில் தொடக்கம் முதல் உடனிருந்தவள் நான். குடும்பத்தின் ஒப்புதலோடு, அடையாளம் தெரியாதபடி இதை எழுதுகிறேன்.

2024 டிசம்பரில் அவர்கள் என்னிடம் வந்தபோது ஒவ்வொருவருக்கும் ஓர் ஆசை இருந்தது. கத்தோலிக்கக் குடும்பம், அந்த மாதம் 24ஆம் தேதி ரோமில் யூபிலி என்னும் சிறப்புப் புனித ஆண்டுக்காக இராயப்பர் (புனித பேதுரு) பேராலயத்தின் புனிதக் கதவு திறக்கப்படவிருந்தது. "கண்ணை மூடுவதற்குள் இராயப்பர் பேராலயத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்" என்றார் தாயார். மகனுக்குப் பனி மலை. மருமகளுக்குப் பாரிஸ். நான்காவது ஆளுக்கு என்ன வேண்டும் என்று யாரும் பேசவில்லை, அவளுக்கு அதைச் சொல்லத் தெரியாது என்பதால்.

முதல் திட்டம்

கணவர் தாமே ஒரு அட்டவணை போட்டு வைத்திருந்தார். பாரிஸில் 3 இரவு, சுவிட்சர்லாந்தின் லூசேர்னில் 1, இன்டர்லாக்கனில் 2, இத்தாலியின் மிலானில் 1, வெனிஸில் 1, ஃபுளோரன்ஸில் 1, ரோமில் 2. ஆக, பதினொரு இரவுக்கு ஏழு படுக்கைகள். ரயில் நேரங்களைத் துல்லியமாகச் சரிபார்த்திருந்தார். வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. இளம் தம்பதியர் இருவர் மட்டும் போவதாக இருந்தால் நானே அதற்குச் சம்மதித்திருப்பேன்.

நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். நான்கு நாட்களுக்குக் குழந்தையின் பொழுதைக் குறித்துத் தாருங்கள்: எப்போது விழிக்கிறாள், எப்போது பால், எப்போது சோறு, எப்போது தூக்கம், எப்போது அழுகை.

குறிப்பேட்டில் கண்டவை

குழந்தை காலை 7 மணிக்கு எழுந்தாள், மதியம் 1 முதல் 3 வரை தூங்கினாள், இரவு 9 மணிக்குப் படுத்தாள். மதியத் தூக்கம் தவறிய ஒரே நாளில் மாலை 5 மணிக்கு மேல் எதையும் சாப்பிடவில்லை, இரவு 11 மணிவரை அழுதாள். அன்றைக்கு உறவினர் வீட்டுத் திருமணம். அந்த ஒரு நாளின் குறிப்பே எனக்குப் பெரிதாகப் பட்டது.

அதைக் கணவரின் அட்டவணையோடு சேர்த்து வைத்துப் பார்த்தோம். ஐரோப்பாவில் விடுதி அறையைக் காலை 10 அல்லது 11 மணிக்குக் காலி செய்ய வேண்டும். புது ஊரில் அறை கிடைப்பது பிற்பகல் 2 அல்லது 3 மணிக்கு. இடைப்பட்ட நான்கு மணி நேரம் குடும்பத்துக்குப் படுக்கை கிடையாது, குழந்தைக்குத் தூக்கம் வருவதும் அந்த நேரத்தில்தான். ஏழு படுக்கைகள் என்றால் ஆறு முறை இடம் மாற வேண்டும். ஆறு திருமண நாட்கள் என்று சொன்னதும் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டார்.

இரண்டாவது சிக்கல் கடிகாரம். மே மாதத்தில் ரோம் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும். நம் இரவு 9 மணி அங்கே மாலை 5.30, நம் காலை 7 மணி அங்கே விடியற்காலை 3.30. ரோமில் உணவகங்கள் இரவுச் சாப்பாட்டுக்குத் திறப்பது பெரும்பாலும் 7 அல்லது 7.30 மணிக்கு. அதாவது குழந்தையின் உடலுக்கு இரவு பத்தரை ஆனபின். முதல் சில நாட்களுக்கு அவளை உணவகத்தில் வைத்து ஊட்டுவது நடவாத காரியம்.

எடுத்த முடிவுகள்

ஊர்களை எண்ணாமல் படுக்கைகளை எண்ணுவோம் என்று பேசி முடித்தோம். ரோமில் 4 இரவு, இன்டர்லாக்கனில் 6, விமானம் ஏறுவதற்கு முன் சூரிச்சில் 1. மொத்த இரவுகள் அதே பதினொன்று, படுக்கைகள் மூன்று. விமான டிக்கெட்டை ரோமில் இறங்கி சூரிச்சில் ஏறும்படி எடுத்தோம். வந்த வழியே திரும்பினால் ஒரு முழு நாள் வீணாகியிருக்கும். இரண்டு வயது முடிந்த குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம் என்பதால் நான்கு இருக்கைகள். நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் விமானம் விலை குறைவுதான். ஆனாலும் காலை 10 மணி விமானத்தையே வற்புறுத்தினேன். தூக்கத்தில் எழுப்பப்பட்ட குழந்தையோடு குடியேற்ற வரிசையில் நிற்பதற்கு அந்தச் சேமிப்பு ஈடாகாது.

பாரிஸ் போனது. இதைச் சுலபமாகக் கடந்துபோக எனக்கு மனமில்லை. "அத்தைக்கு ரோம், அவருக்குப் பனி. எனக்கு மிச்சம் என்ன?" என்று மனைவி கேட்டார். நியாயமான கேள்வி. குடும்பப் பயணங்களில் விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் குழந்தையின் தாய்தான். திட்டமிடுபவர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. பாரிஸை மீட்க வழியில்லை. மாறாக, குழந்தை இல்லாமல் அவர் ஒருவருக்கே உரிய அரை நாட்கள் இரண்டை அட்டவணையில் எழுதினோம். அவற்றுள் ஒன்றுக்கு ரோமின் போர்கேசே கலைக்கூடத்தில் முன்பதிவு செய்தோம். அங்கே ஒருவருக்கு இரண்டு மணி நேரம்தான், அதுவும் முன்பதிவு இருந்தால்தான். முன்கூட்டிப் பணம் கட்டிய டிக்கெட் கையில் இருந்தால் "இன்றைக்கு வேண்டாம், இன்னொரு நாள் போய்க்கொள்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதும் ஒரு காரணம்.

தங்குமிடம் மூன்றில் இரண்டு, சமையலறையும் துணி துவைக்கும் இயந்திரமும் உள்ள சிறு வீடுகள். மூன்றையும் கட்டணமின்றி ரத்து செய்யும் வசதியோடுதான் எடுத்தோம்.

விசாவில் ஏற்பட்ட திருப்பம்

முதல் திட்டப்படி அதிக இரவுகள் இத்தாலியில். எனவே பிப்ரவரித் தொடக்கத்திலேயே கணவர் இத்தாலி விசாவுக்கு மார்ச் 12ஆம் தேதிக்கு நேரம் வாங்கிவிட்டார். திட்டம் மாறியதும் இத்தாலியில் 4 இரவு, சுவிட்சர்லாந்தில் 7 என்றாகிவிட்டது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவின் விதிப்படி எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். முதலில் கால் வைக்கும் நாடு என்பது தங்கும் நாட்கள் சமமாக இருந்தால் மட்டுமே பார்க்கப்படும். இறங்குவது ரோமில்தானே, இத்தாலியே இருக்கட்டும் என்றார் கணவர். மறுத்தேன். கையில் கிடைத்த நேரத்தை விட்டுவிட்டு சுவிஸ் விசாவுக்கு ஏப்ரல் 2ஆம் தேதிதான் இடம் கிடைத்தது. மூன்று வாரம் பதற்றத்தோடு போனது. முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள், சில வேளை 45 நாள் வரை ஆகலாம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். விசா வந்துசேர்ந்தது. கட்டணம் பெரியவர்களுக்குத் தலைக்கு 90 யூரோ. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு விசா கட்டணம் இல்லை. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு எல்லோருக்கும் கட்டாயம், குழந்தைக்கும்தான்.

ஆவணங்களில் நம் ஊருக்கே உரிய சிக்கல்கள் இரண்டு. குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் பெயர் இல்லாமல் வாங்கப்பட்டிருந்தது. பிரசவமான சில நாட்களில் வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். மாநகராட்சியில் பெயரைப் பதிந்து புதுச் சான்றிதழ் பெற்ற பிறகுதான் அவளுடைய பாஸ்போர்ட்டுக்கே விண்ணப்பிக்க முடிந்தது. இன்னொன்று, குடும்பப் பெயர். கணவரின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக அவர் தந்தையின் பெயர், குழந்தைக்குக் கணவரின் பெயர், மனைவிக்கோ திருமணத்துக்கு முன்பு எடுத்த பாஸ்போர்ட் என்பதால் அவருடைய தந்தையின் பெயர். நமக்கு இது இயல்பு. வெளிநாட்டு அதிகாரியின் கண்ணுக்கு மூன்று வெவ்வேறு குடும்பம். பிறப்புச் சான்றிதழின் ஆங்கிலப் பிரதியைக் கைப்பையில் வைத்திருக்கச் சொன்னேன். ரோம் விமான நிலையத்தில் தாயிடம் அதைக் கேட்டார்கள்.

புறப்படும் முன்

ஏப்ரல் 21ஆம் தேதி திருத்தந்தை பிரான்சிஸ் காலமானார். தாயார் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மே 8ஆம் தேதி பதினான்காம் லியோ புதிய திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஏற்கெனவே யூபிலிக் கூட்டம். இப்போது அதற்கு மேலும் கூட்டம். பிப்ரவரியில் எடுத்து வைத்த வீடு வத்திக்கானிலிருந்து நடந்து போகும் தொலைவில் இருந்தது பெரிய உதவியாயிற்று.

பெட்டி கட்டும் நாளில் நான் போயிருந்தேன். ஆச்சி பேத்திக்காக அரைக் கிலோ நெய்யை எவர்சில்வர் சம்படத்தில் ஊற்றி, மேலே துணி சுற்றி வைத்திருந்தார். கூடவே ஒரு கட்டு கறிவேப்பிலை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டுப் பயணிகள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுவர அனுமதி இல்லை. நெய்யும் பால் பொருளே. பச்சைத் தழைக்குப் பயிர்நலச் சான்றிதழ் வேண்டும். குழந்தைகளுக்கான பால் பவுடருக்கு மட்டும் வரம்புக்குட்பட்டு விலக்கு உண்டு. இரண்டையும் வெளியே எடுத்தபோது அவர் முகம் வாடியது. பருப்புப் பொடி, இட்லிப் பொடி, நல்லெண்ணெய், பச்சரிசி, ஒரு சிறு மின்சாரச் சோற்றுப் பானை ஆகியவை பெட்டிக்குள் போயின.

மருந்துப் பையில் நான் மிகவும் கண்டிப்பாக இருந்தேன். காய்ச்சலுக்கான பாராசிட்டமால் மருந்து நம் கடைகளில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என இரு செறிவுகளில் கிடைக்கிறது. 12 கிலோ எடையுள்ள அந்தக் குழந்தைக்கு மருத்துவர் எழுதிய ஒரு வேளை அளவு 180 மில்லிகிராம். ஒரு புட்டியில் அது 7.5 மில்லி, இன்னொன்றில் 3.6 மில்லி. நள்ளிரவில், பதற்றத்தில், இந்தக் கணக்கை யாரும் போடக் கூடாது. ஒரே செறிவில் இரண்டு புட்டிகள் வாங்கி, மில்லி அளவை மேலே ஒட்டி, மருத்துவரின் சீட்டையும் கூடவே வைத்தோம்.

ரோமில் நான்கு இரவுகள்

முத்துநகர் விரைவு ரயிலில் சென்னை, அங்கே உறவினர் வீட்டில் ஓர் இரவு, மே 25 ஞாயிறு காலை விமானம், வளைகுடாவில் மாறி இரவு எட்டரைக்கு ரோம். முதல் இரவு குழந்தை 4.15 மணிக்கு விழித்துக்கொண்டாள். அவளை மறுபடி தூங்கவைக்கப் போராட வேண்டாம் என்று முன்பே பேசி வைத்திருந்தோம். திங்களன்று காலை 10 மணிக்கு அவள் தூங்கியபோது நால்வரும் வீட்டிலேயே இருந்தார்கள். மாலை 6 மணிக்குள் பருப்புப் பொடிச் சோறு, படுக்கை.

செவ்வாயன்றும் 4 மணிக்கே விழிப்பு. இராயப்பர் பேராலயம் காலை 7 மணிக்குத் திறக்கும். பகலில் அந்தச் சதுக்கத்தில் பாதுகாப்புச் சோதனைக்கான வரிசை வெயிலில் நீண்டு வளைந்து கிடக்கும். இவர்கள் 6.30 மணிக்கே போய் நின்றார்கள். முன்னால் சில பத்துப் பேர்தான். திறந்த சிறிது நேரத்தில் ஆச்சி புனிதக் கதவின் நிலையைத் தொட்டபடி உள்ளே நுழைந்தார். பேத்தி தள்ளுவண்டியில் உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அன்று அவர் எனக்கு அனுப்பிய குரல் செய்தியில் பாதி அழுகை. நேர மாற்றத்தை எதிர்த்து நில்லாமல் அதோடு இசைந்து போனதால் கிடைத்த விடியற்காலை அது. இந்தப் பயணத்தில் நாங்கள் எடுத்த முடிவுகளில் இதையே மிகச் சிறந்ததாக நினைக்கிறேன்.

அன்று பிற்பகல் மனைவி தனியாகப் போர்கேசே கலைக்கூடம் சென்றார். மறுநாள் புதன்கிழமை, திருத்தந்தையின் பொதுச் சந்திப்புக்கு மகனும் தாயும் மட்டும் போனார்கள். பல மணி நேரம் திறந்தவெளியில் உட்கார வேண்டிய இடத்துக்குக் குழந்தையைக் கொண்டுபோவதில்லை என்பது முன்பே முடிவானது.

தள்ளுவண்டி விஷயத்தில் என் ஆலோசனை தவறிப்போனது. விமான அறைக்குள் மடித்து வைக்கும் இலகுவான வண்டியைப் பரிந்துரைத்தேன். ரோமின் பழைய வீதிகளில் கருங்கல் பதித்த தரை; கற்களுக்கு நடுவே சிறு சக்கரங்கள் மாட்டிக்கொண்டன. மூன்றாம் நாள் ஒரு சக்கரம் கழன்றது. அதன்பின் தந்தையின் தோள்தான் வண்டி.

ரயில் நாளும் ஒரு விடுமுறையும்

மே 29, வியாழன். விமானத்தில் போனால் சூரிச்சுக்கு ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் விமான நிலையங்களுக்குப் போய்வருவதும் காத்திருப்பும், பிறகு இன்டர்லாக்கனுக்கு ரயிலும் சேர்ந்தால் அதுவும் ஒரு முழு நாள். ரயிலில் குழந்தை நடக்கலாம், படுக்கலாம். ரோமிலிருந்து மிலான், அங்கே இரண்டு மணி நேர இடைவெளி, பிறகு சிம்ப்ளான் சுரங்கம் வழியே ஸ்பீட்ஸ், அங்கிருந்து இன்டர்லாக்கன். இடைவெளியை வேண்டுமென்றே நீளமாக வைத்தோம். இரண்டாவது ரயிலில் ஒன்றரை மணி நேரம் தூங்கினாள்.

மாலை இன்டர்லாக்கனில் இறங்கியபோது கடைகள் மூடிக்கிடந்தன. ஆண்டவர் விண்ணேற்றப் பெருவிழா ஈஸ்டரிலிருந்து நாற்பதாம் நாள். சுவிட்சர்லாந்தில் அது அரசு விடுமுறை, இத்தாலியில் இல்லை. ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தின் பயணத்தில் இந்த நாளை நான் கவனிக்காமல் விட்டது இன்றும் எனக்கு வருத்தம்தான். பயணம் முழுவதும் பால் குடித்தே உறங்கிய குழந்தை, கையில் பால் இல்லை. ரயில் நிலையத்தை ஒட்டித் திறந்திருந்த சிறு கடை ஒன்றைக் கணவர் அரை மணி நேரம் அலைந்து கண்டுபிடித்தார். அங்கே கிடைத்தது நாள்பட வைத்திருக்கும் பெட்டிப் பால். அதன் வாசனை பிடிக்காமல் அவள் துப்பிவிட்டாள். மறுநாள் குளிர்ப்பெட்டியில் வைத்து விற்கும் புதுப் பாலை வாங்கி, நம் வீட்டில் போலக் காய்ச்சிக் கொடுத்த பிறகுதான் குடித்தாள்.

மலையடிவாரத்தில் ஆறு இரவுகள்

வெள்ளிக்கிழமைக்குத் திட்டமே இல்லை. துணி துவைத்தார்கள். சனிக்கிழமை லவுட்டர்புருன்னன், இருபது நிமிட ரயில். 297 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஸ்டவ்பாக் அருவியைக் குழந்தை வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாளாம். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அங்கே ரயில் கட்டணம் இல்லை. பெரியவர்களுக்கு எல்லாப் பயணத்தையும் உள்ளடக்கிய பாஸ் எடுக்காமல் அரைக்கட்டண அட்டை எடுத்திருந்தோம். பாஸ் வாங்கினால் பணத்துக்காகவே தினமும் ரயிலேறத் தோன்றும்.

அன்றிரவு குழந்தைக்குக் காய்ச்சல், 102 டிகிரி. ஞாயிறன்று பனி மலைமேல் உள்ள யுங்ஃப்ராவ்யோக் போவதாக இருந்தார்கள். வானிலையைப் பார்த்துத்தான் டிக்கெட் எடுப்பது என்று வைத்திருந்ததால் பண இழப்பு இல்லை. ஒட்டி வைத்த அளவின்படி மருந்து கொடுத்தார்கள். மூச்சு, சிறுநீர், தண்ணீர் குடிப்பது ஆகிய மூன்றையும் குறித்துக்கொண்டே வந்தார்கள். எந்த நிலையில் மருத்துவரிடம் போக வேண்டும், ஆம்புலன்ஸ் எண் 144 என்பவை தாளில் எழுதி ஒட்டப்பட்டிருந்தன. தேவைப்படவில்லை. திங்கள் மாலை காய்ச்சல் இறங்கியது. முதல் திட்டப்படி போயிருந்தால் இந்த இரண்டு நாட்களில் அவளைத் தூக்கிக்கொண்டு இரண்டு ஊர் மாறியிருக்க வேண்டும்.

யுங்ஃப்ராவ்யோக் 3,454 மீட்டர் உயரம். தலைவலி என்று சொல்லத் தெரியாத குழந்தையை அவ்வளவு உயரத்துக்கு வேகமாக ஏற்ற வேண்டாம் என்று அவர்களுடைய மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். ஆச்சிக்கும் அதே அறிவுரை. குடும்பமாகப் போனால் எல்லாவற்றையும் சேர்ந்தே பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தை விடுவது கணவருக்குக் கடினமாக இருந்தது. செவ்வாய் விடியலில் அவர் மட்டும் போனார். மற்ற மூவரும் ஊர் நடுவே உள்ள ஹோஹமாட்டே புல்வெளியில் பாராகிளைடர்கள் வந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை ஒவ்வொருவருக்கும் கை தட்டினாள். இன்றைக்கும் "மாமா மேலேயிருந்து வந்தாங்க" என்று அவள் சொல்வது அதைத்தான். தாத்தாக் காலத்து ஆலயங்களோ சிற்பங்களோ அவள் நினைவில் இல்லை.

விளைவு

மூன்று படுக்கை, இரண்டு இடமாற்றம். மதியத் தூக்கம் முழுதாகத் தவறியது ஒரு நாள்தான், சூரிச்சுக்குப் போன ஜூன் 4. அன்று இரவு அவள் அழுதாள், எதிர்பார்த்தபடியே. வெளியே சாப்பிட்டது ஆறு வேளை. காப்பீட்டில் எதுவும் கோரவில்லை. மனைவியின் இரண்டாவது அரை நாள் காய்ச்சலில் போய்விட்டது. அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை, ஆனாலும் கணக்கில் எழுதியாக வேண்டும்.

மாற்ற வேண்டியவை

போகும் நாடுகளின் விடுமுறை நாட்களை, தேவாலய நாட்காட்டி உட்பட, இப்போது தங்குமிடம் எடுப்பதற்கு முன்பே பார்க்கிறேன். புது ஊரில் முதல் இரவுக்கான பாலும் ரொட்டியும் பழைய ஊரிலேயே வாங்கிப் பையில் இருக்க வேண்டும். ரோம் போன்ற ஊர்களுக்குப் பெரிய சக்கர வண்டி, அல்லது உடம்போடு கட்டிச் சுமக்கும் பை. தாய்க்கென ஒதுக்கும் அரை நாட்கள் இரண்டையும் பயணத்தின் முதல் பாதியிலேயே வைக்க வேண்டும். பின்பாதியில் வைத்தால் முதலில் பலியாவது அவைதான்.

திரும்பிய பிறகான நாட்களை நான் திட்டத்தில் சேர்க்கவே இல்லை. ஜூன் 6 வெள்ளி காலை சென்னையில் இறங்கி, சனிக்கிழமை தூத்துக்குடி. திங்களன்று கணவருக்கு அலுவலகம், மனைவிக்குக் கல்லூரி. குழந்தை ஆறு நாட்கள் நள்ளிரவு தாண்டித் தூங்கி, காலை 11 மணிக்கு எழுந்தாள். அந்த ஆறு இரவும் அவளோடு விழித்திருந்தவர் ஆச்சி.